மனைத் தண்ணீரில் கட்டிய மாடி

எங்கள் ஊரில் ஒரு வீட்டைக் காட்டி "இது யார் வீடு?" என்று கேட்டால் குடியிருப்பவர் பெயரைச் சொல்வார்கள். "யார் கட்டினது?" என்று கேட்டால், கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் பல வீடுகளுக்கு எங்கள் குடும்பத்தைத்தான் சொல்வார்கள். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பேச்சு எங்களுக்குச் சோறு போட்டது. ஒரு வருஷம் அதே பேச்சு அப்பாவுக்குச் சோறு இறங்கவிடாமலும் செய்தது. அந்த வருஷத்தைத்தான் எழுத நினைக்கிறேன்.

தாத்தா கொத்தனார் வீட்டில் பிறந்தவர் இல்லை. முத்துக் குளித்தவர். முத்துக்குளிப்பு வருஷா வருஷம் நடக்கிற காரியம் கிடையாது; சிப்பி விளையாத வருஷங்கள்தான் அதிகம். அந்த வருஷங்களில் மூச்சடக்கத் தெரிந்த மற்றவர்கள் சங்கெடுக்கப் போக, தாத்தா கல்லெடுக்கப் போனார். தீவுகளைச் சுற்றிக் கடலுக்கடியில் கிடக்கும் வெள்ளைக் கல்லைக் கடப்பாரையால் பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றி வந்து, வீடு கட்டுகிறவர்களுக்கு இறக்கினார். எங்கள் ஊரில் கடல்கல் என்றால் தெரியும். கொஞ்ச நாளில் இறக்கிய கல்லை அடுக்கவும் ஆரம்பித்தார். அப்படிக் கரையேறியவர் பிறகு கடலுக்குப் போகவில்லை.

அவர் வைத்துவிட்டுப் போன வழக்கம் ஒன்று உண்டு. மனையில் முதலில் கிணறு தோண்ட வேண்டும். அஸ்திவாரம் அப்புறம்தான். ஊறி வந்த முதல் தண்ணீரைச் செம்பில் எடுத்து வீட்டுக்காரியின் கையில் கொடுத்து, முதல் சுண்ணாம்பில் ஊற்றச் சொல்வார். அதற்குப்பின் கடைசிப் பூச்சு முடிகிறவரை வேறு தண்ணீர் அந்த மனைக்குள் வரக்கூடாது. மனைத் தண்ணி என்று அதற்குப் பெயர். மண்ணும் சுவரும் ஒரே தண்ணீரைக் குடித்தால் ஒன்றையொன்று தள்ளாது என்பது தாத்தாவின் நம்பிக்கை. நம்பிக்கையில் வசதியும் இருந்தது. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் ஊறுவது உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீருக்குக் குழாயடியில் குடத்தை வரிசை போட்டுவிட்டு நாளெல்லாம் காத்துக் கிடக்கிற ஊரில், அதைச் சுண்ணாம்பில் ஊற்றுகிறவனை ஒருத்தரும் மனுஷனாக மதிக்கமாட்டார்கள்.

தாத்தா கட்டிய சுவர்கள் நின்றன. இப்போதும் நிற்கின்றன.

அப்பாவும் சித்தப்பாவும் தொழிலைக் கையில் எடுத்த காலத்தில் புதுத் துறைமுக வேலை தொடங்கியிருந்தது. ஊர் வீங்கிக்கொண்டே போனது. வெளியூர்களிலிருந்து வந்து கடை போட்டவர்கள், லாரி வாங்கி விட்டவர்கள் எல்லாரும் வீடு கட்டினார்கள். காங்கிரீட் மாடிதான் வேண்டும் என்றார்கள். சிமெண்டுக்கு பெர்மிட் வாங்க ஆபீஸ் வாசலில் நிற்பது சித்தப்பாவின் வேலை. அதிகாரிகளைச் சிரிக்க வைக்க அவருக்குத் தெரியும். கூரைக்கு அடியில் பலகை கோத்து செண்ட்ரிங் அடிப்பது, கம்பி கட்டுவது எல்லாவற்றையும் அப்பா துறைமுக வேலையில் இருந்தவர்களிடம் பார்த்தே பழகிக்கொண்டார். சுண்ணாம்பு போய் சிமெண்ட் வந்தது. மர உத்தரம் போய் இரும்புக் கம்பி வந்தது. மனைத் தண்ணி மட்டும் மாறவில்லை. மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எப்படித் தோன்றும்?

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான்தான் முதல். அதற்கு மேலே பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமாவும் படித்தேன். காங்கிரீட்டுக்குக் குடிக்கிற தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்பு இருந்தால் கம்பியை அரித்துவிடும் என்று பாடம் நடத்திய அன்றைக்கே எங்கள் வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. லீவில் வந்தபோது அப்பாவிடம் சொன்னேன். "தாத்தா கெட்டுனதெல்லாம் நிக்கே, பாக்கலியா?" என்றார்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம், ஆடி மாதம். நான் படிப்பு முடிந்து அப்பாவோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரிட்டயராகித் தனியாக இருந்த ஒரு டீச்சரம்மா ஆள் விட்டிருந்தார். நாசரேத் பக்கத்துக்காரர், எனக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தவர். அப்பா போட்ட ஆரம்பகால காங்கிரீட் மாடிகளில் அவர் வீட்டு மாடியும் ஒன்று.

போய்ப் பார்த்தோம். படுக்கையறைக் கட்டில்மேல் ஒரு முறத்தின் அகலத்துக்குக் காங்கிரீட் விழுந்து கிடந்தது. அண்ணாந்து பார்த்தால் கம்பி தெரிந்தது. கம்பி என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்ல வேண்டும். டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து நின்றது.

"வாங்க கான்ட்ராக்டரே," என்றார் டீச்சர். "காலைல எந்திரிச்சு ஜெபத்துக்கு முழங்கால் போட்டேன். பின்னால தொப்புன்னு விழுது. இன்னும் கொஞ்சம் சோம்பேறியா இருந்திருந்தேன்னா நேரா பரலோகம்தான்."

"கடக்காத்து டீச்சர்," என்றார் அப்பா. "உப்புக் காத்துக்கு எதுதான் நிக்கும்?"

"காத்து வெளியல்லா அடிக்கி? இது உள்ள விழுந்திருக்கு."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "ஏலே, நீ எங்கிட்டப் படிச்சவன்தான? இப்ப பெரிய படிப்பும் படிச்சிட்டு வந்திருக்க. நீ சொல்லு."

"தண்ணி டீச்சர்," என்றேன்.

"என்ன தண்ணி? மழைத் தண்ணியா?"

"கலவைக்கு ஊத்துன தண்ணி. அதுல இருந்த உப்பு கம்பியத் தின்னுட்டு."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. கட்டிலில் கிடந்த துருச் செதிள் ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தினார். அது பொடிந்தது. "நாளைக்கே ஆள் அனுப்புதேன் டீச்சர். அதுவரைக்கும் அடுத்த அறையில படுத்துக்கிடுங்க."

"அடுத்த அறைக்கு மேல மட்டும் வேற ஆளா கெட்டுனாவ?" என்றார் டீச்சர்.

அன்றைக்கு சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்து வந்தோம். உப்பு அம்பாரங்களைத் தாண்டியதும் அப்பா நின்றார். பிறகு, "தாத்தாவும் இதே தண்ணியிலதான கெட்டுனாரு?" என்றார். ஆமாம் என்றேன். இன்னும் கொஞ்ச தூரம் நடந்தோம். "அதுல இரும்பு கிடையாது," என்று அவரே சொல்லிக்கொண்டார். கல்லும் சுண்ணாம்பும் உப்போடு பிறந்தவை, உப்போடு வாழும். நடுவில் நாங்கள் கம்பியை வைத்தோம். வழக்கம் பொய் இல்லை. அது வேறொரு வீட்டுக்கான வழக்கம். இதை இன்று எழுத முடிகிறது. அன்றைக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடிந்திருக்காது.

அப்பாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. கட்டிய வீடுகளைச் சாப்பாட்டை வைத்துத்தான் நினைவு வைத்திருந்தார். காங்கிரீட் போடுகிற நாளில் வேலையாட்கள் அத்தனை பேருக்கும் வீட்டுக்காரர் சாப்பாடு போடுவது முறை. கிணற்றுத் தண்ணீரில் மாடி போட்ட வீடுகளை அன்றிரவு எண்ணத் தொடங்கினார். "சீலா மீன் குழம்பு வச்சாவளே, அந்த வீடு. காயல்பட்டினத்து மரைக்காயர் ஒருத்தர் ஆட்டுக்கறி போட்டாரு, அந்த வீடு." இப்படிச் சொல்லிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றார். "கருப்பட்டிப் பாயாசம்," என்றார்.

கருப்பட்டிப் பாயாசம் என்றால் மார்க்கெட் பக்கம் கருப்பட்டியும் வத்தலும் மொத்த வியாபாரம் செய்த அண்ணாச்சி. பனங்காட்டு ஊரிலிருந்து ஒரு சாக்கோடு வந்து, எங்கள் ஊரில் பெரிய ஆளானவர். டீச்சர் வீட்டுக்கும் முந்தி போட்ட மாடி அவருடையது. இன்னும் பெரியது. ஆவணியில் அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். கீழே ஹாலில் மணவறை, மேலே மொட்டை மாடியில் ஓலைப் பந்தல் போட்டுப் பந்தி. பத்திரிகை கொடுக்க வந்தபோது அவரே அப்பாவிடம் சொன்னது: "நீரு போட்ட மாடியிலதான்வே எம் மக கல்யாணச் சாப்பாடு. ஊரே உக்காரலாம்."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணாச்சி செயலாளராக இருந்த ஒரு பள்ளிக்கூடக் கமிட்டி புதிதாக மாடிக் கட்டடம் கட்டத் தீர்மானித்திருந்தது. வேலை எங்களுக்குத்தான் என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அதுவரை நாங்கள் வீடுகள் மட்டுமே கட்டியவர்கள். பள்ளிக்கூடம் எழும்பினால் எங்கள் குடும்பம் வேறொரு படிக்குப் போய்விடும் என்று சித்தப்பா கனவு கண்டுகொண்டிருந்தார்.

மறுநாளே பந்தலுக்கு இடம் பார்க்கிற சாக்கில் அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம். அண்ணாச்சி கடையில் இருந்தார். கல்யாணத்துக்காக வீடு முழுக்க வெள்ளையடித்திருந்தது. வெள்ளையடித்தவர்கள் கூரையிலிருந்த விரிசல்களை நன்றாக அடைத்துப் பூசியிருந்ததால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பா ஸ்டூல் போட்டு ஏறிச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். நல்ல காங்கிரீட்டில் தட்டினால் கையில் அதிர்வு திரும்ப வரும். இங்கே ஜன்னல் ஓரமாக அப்படித்தான் வந்தது. ஹாலின் நடுப்பகுதிக்கு வந்தபோது தகர டப்பாவைத் தட்டுகிற சத்தம். அப்பா திரும்பத் திரும்ப அதே இடத்தில் தட்டினார். சமையலறையிலிருந்து அண்ணாச்சியின் மனைவி, "என்ன, ஆணி அடிக்கியளா?" என்று குரல் கொடுத்தார்.

"ஆமா தாயி," என்றார் அப்பா. ஸ்டூலிலிருந்து இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

வீட்டில் சித்தப்பா குதித்தார்.

"விழும்னு யாரு சொன்னா? இந்த இஞ்சினியரு சொன்னானா? இவன் படிச்சிட்டு வந்து ஒரு கோழிக்கூடாவது கெட்டியிருக்கானா?"

"டீச்சர் வீட்டுல விழுந்திருக்குலே."

"ஒரு சில்லு விழுந்துச்சு. அதுக்கு ஊரெல்லாம் போயி நாங்க கெட்டுனது ஓட்டைன்னு தமுக்கடிக்கணுமாக்கும்! மதினி, உங்க வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொல்லுங்க. கல்யாணம் முடியட்டும். பள்ளிக்கூட வேலை கைக்கு வரட்டும். அப்புறம் அமைதியா ஒவ்வொண்ணா சரி பண்ணிக்கிடுவோம்."

அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "மேல பந்தி. கீழ பொண்ணு மாப்பிள்ள. இதுல நான் என்னத்த எடுத்துச் சொல்ல?" என்றார்.

சித்தப்பா சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த மாடியில் வருஷக்கணக்காக வத்தல் மூட்டை மூட்டையாகக் காய்ந்திருக்கிறது. தீபாவளிக்குப் பிள்ளைகள் குதித்திருக்கிறார்கள். ஒரு கல்யாணப் பந்தியை அது தாங்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட என்னாலும் முடியாது. என் படிப்பு கம்பி ஏன் துருப்பிடிக்கும் என்று சொல்லிக்கொடுத்ததே தவிர, இந்தக் கூரை எந்தக் கிழமை விழும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லாமல் விட்டு ஒன்றும் நடக்காமல் போனால் குடும்பம் பிழைத்தது. சொல்லி ஒன்றும் நடக்காமல் போனால் நாங்களாகவே எங்கள் பேரைக் கெடுத்துக்கொண்டவர்கள். இவ்வளவையும் அப்பா யோசித்திருப்பார். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு எழுந்து கை கழுவினார். "சட்டையப் போடுலே," என்றார் என்னிடம்.

அண்ணாச்சி கடையில் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். வாசலில் பந்தல் சாமான் இறங்கிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும், "வாரும்வே, வாரும். உம்ம பயலுக்கும் ஒரு பொண்ணு பாத்திருவமா?" என்று சிரித்தார்.

அப்பா உட்காரவில்லை. "அண்ணாச்சி, மேல பந்தி வேண்டாம்."

"ஏன், மழை வருமாக்கும்?"

"மாடி சரியில்ல. கம்பி அரிச்சிருக்கு."

அண்ணாச்சி அண்ணாந்து கூரையைப் பார்த்தார். புது வெள்ளை பளிச்சென்று இருந்தது. "எங்கன அரிச்சிருக்கு? எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"உள்ள அரிச்சிருக்கு. தட்டிப் பாத்தேன்."

"ஆணி அடிக்கேன்னு சொல்லிட்டுத் தட்டிப் பாத்தீராக்கும்!" அவர் முகம் மாறியது. "சரி. விழுமா, விழாதா? அதச் சொல்லும்."

"தெரியாது."

"தெரியாமத்தான் கல்யாண வீட்டுல வந்து இந்தப் பேச்சுப் பேசுதீரா?"

"தெரியாததுனாலதான் வந்தேன் அண்ணாச்சி. விழாதுன்னு தெரிஞ்சா வீட்டுல இருந்திருப்பேன். விழும்னு தெரிஞ்சா உங்களக் கேக்காமலே ஏணிப்படியை இடிச்சிருப்பேன்."

அண்ணாச்சி தோளிலிருந்த துண்டை எடுத்து உதறித் திரும்பவும் போட்டுக்கொண்டார்.

"எதுனால இப்படி ஆச்சு?"

"கிணத்துத் தண்ணியில போட்டேன். போட்டிருக்கக் கூடாது."

"உங்க அப்பா காலத்துல இருந்து அப்படித்தான போடுதீய? எம் பொண்டாட்டி கையாலயே செம்புல ஊத்த வச்சீரே?"

"ஆமா. அது அப்பாவோட வேலைக்குச் சரி. என் வேலைக்குச் சரியில்ல. நான் கேட்டுப் பாத்திருக்கணும்."

"ஸ்கூல் கெட்டட விஷயம் கமிட்டில வருது. தெரியும்லா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் வந்திருக்கீரு. ஒண்ணு நீரு பெரிய யோக்கியனா இருக்கணும், இல்ல கூறுகெட்ட ஆளா இருக்கணும்."

"ரெண்டாவதாத்தான் இருக்கும் அண்ணாச்சி."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. அவருடைய மனைவி உள்ளேயிருந்து கரண்டியோடு வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "தெருவுல போட்டாப் போச்சு பந்தி. எம் புள்ள கழுத்துல தாலி ஏறுத நேரத்துல மேல டக்குன்னு ஒரு சத்தம் கேட்டாக்கூட எனக்கு உசுரு நிக்காது. நீங்க போயி பந்தக்காரன்ட்ட சொல்லுங்க," என்றார். அந்த வீட்டில் அதற்குமேல் அப்பீல் கிடையாது.

தெருவில் பந்தி போட முனிசிபாலிட்டியில் சொல்லி, எதிர்வீட்டுக்காரர்களிடம் கேட்டு, அண்ணாச்சி அலைந்ததெல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டே அலைந்ததுதான். ஹாலில் கல்யாணம் நடந்தாக வேண்டும் என்பதால் அப்பா சவுக்கு மரங்களை நட்டுக் கூரைக்கு முட்டுக் கொடுத்தார். மணவறையைச் சுற்றி நட்டநடு ஹாலில் மொட்டை மரங்கள். பந்தல்காரர் அவற்றுக்குக் கலர் காகிதம் சுற்றி, ஒன்றுவிட்டு ஒன்றில் வாழை கட்டிவிட்டார். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், "இது என்ன, வீட்டுக்குள்ள இத்தன தூணு?" என்று கேட்டார். அண்ணாச்சி, "இப்ப தூத்துக்குடில இதான் பேஷன்," என்றார்.

கல்யாணத்தன்று அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போனார். மாடிப்படியின் அடியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் ஏற வந்தால் தடுத்தார். சீட்டு விளையாட இடம் தேடி வந்த பெரியவர்களையும் தடுத்தார். யாரோ ஒரு மாப்பிள்ளை வீட்டு அம்மாள், செருப்புக்குக் காவல் இருக்கிறவர் என்று நினைத்து, காலிலிருந்த செருப்பைக் கழற்றி அப்பாவின் நாற்காலிக்கடியில் தள்ளி, "பாத்துக்கிடும்யா," என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா பார்த்துக்கொண்டார். நான் எதிரே நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா வரவில்லை.

தெருப் பந்தி ஓய்ந்தபிறகு அண்ணாச்சி தன் கையாலேயே ஓர் இலையைக் கொண்டுவந்து கீழ்ப்படியில் விரித்தார். "தின்னுட்டுக் காவல் காரும்," என்றார். அப்பா படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். கூரை நின்றது. ஒரு துணுக்குகூட விழவில்லை.

பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குப் போன மறுவாரம் மாடியை இடித்தோம். என் வாழ்க்கையில் நான் எதிர்பார்ப்போடு பார்த்த இடிப்பு அது ஒன்றுதான். உள்ளே கம்பிகள் கந்தலாகக் கிடக்க வேண்டும், எல்லாரும் பார்க்க வேண்டும் என்று மனசு கேட்டது. சில இடங்களில் கம்பி பாதியாகத் தேய்ந்து செதிளாக உரிந்திருந்தது. சில இடங்களில் நேற்று வாங்கியது போல இருந்தது. இடித்த கொத்தனார்களில் ஒருவர் இந்த மழைக்கே விழுந்திருக்கும் என்றார். இன்னொருவர், அவர் அப்பாவோடு எத்தனையோ வருஷம் வேலை செய்தவர், ஒன்றும் ஆகியிருக்காது என்றார். அண்ணாச்சி ஒரு நல்ல கம்பியைப் பொறுக்கி எடுத்து வளைத்துப் பார்த்தார். வளையவில்லை.

"இது நின்னிருக்கும்வே. எம் பேரன் கல்யாணத்துக்கும் நின்னிருக்கும்."

"நின்னிருக்கலாம் அண்ணாச்சி," என்றார் அப்பா.

அந்தக் கம்பி வெகு நாள் அண்ணாச்சியின் கடை மேசையில் கிடந்தது. போகிறவர் வருகிறவரிடமெல்லாம் எடுத்துக் காட்டி, "எம் மக கல்யாணத்துல மாடியைப் பூட்டுன ஆளு போட்ட கம்பி இது, பாத்துக்கிடுங்க," என்பார். அது திட்டா, பாராட்டா என்று கேட்டவர்களுக்குப் புரியாது. அவருக்கே புரிந்திருந்ததா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் புது மாடியையும் எங்களைத்தான் போடச் சொன்னார். "நல்ல தண்ணியில போடும்," என்று மட்டும் சொன்னார். மாட்டு வண்டிகளில் பீப்பாய் பீப்பாயாக நல்ல தண்ணீர் வந்து இறங்கியதைப் பார்த்துத் தெருப் பெண்கள் குடத்தோடு வந்து சண்டை பிடித்தார்கள். "குடிக்கத் தண்ணிக்கு நாயா அலையுதோம், இவனுவ கல்லுக்கு ஊத்துதானுவ, வெளங்குவானுவளா?" அப்பா கலவையை நிறுத்திவிட்டு, குடம் கொண்டுவந்த அத்தனை பேருக்கும் ஊற்றிய பிறகுதான் வேலையைத் தொடங்கினார்.

மற்ற வீடுகளுக்கும் போனோம். சீலா மீன் குழம்பு வைத்தவர்கள் வாசலிலேயே நிறுத்தித் திட்டி அனுப்பினார்கள். இடிக்க வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். மரைக்காயர் வளைகுடாவில் இருந்தார். அவர் உம்மா எங்களுக்கு டீ கொடுத்து, மகன் வரட்டும், அதுவரை கீழே யாரும் படுக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார். டீச்சர் வீட்டைத்தான் முதலில் முடித்தோம். ஊருக்குள், தாங்களே கட்டித் தாங்களே இடிக்கிறவர்கள் என்று எங்களுக்கு ஒரு பட்டம் கிடைத்தது. புது வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள்.

பள்ளிக்கூட வேலை திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு கான்ட்ராக்டருக்குப் போனது. கமிட்டியில் அண்ணாச்சி எங்களுக்காகப் பேசினாரா, எதிராகப் பேசினாரா என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த வாரமே சித்தப்பா எங்களை விட்டுப் போனார். போய் அந்தத் திருநெல்வேலிக்காரரிடமே மேஸ்திரியாகச் சேர்ந்தார். "எங்க அண்ணனுக்குப் புண்ணியம் போதும், எனக்குப் புள்ளைய இருக்கு," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். ஒரே தெருவில்தான் இரண்டு வீடும். வழியில் பார்த்தால் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுவார். மாதா கோவிலில் பூசையின்போது மட்டும் அப்பா, சித்தப்பா உட்கார்ந்திருக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் போய் முட்டிபோடுவார். அங்கிருந்து பார்த்தால் தம்பியின் முகம் தெரியும்.

பள்ளிக்கூடத்துக்கு மாடி போடுகிற சமயத்தில் ஒரு செய்தி வந்தது. சித்தப்பாவுக்கும் முதலாளிக்கும் தகராறு, வேலை இரண்டு நாளாக நிற்கிறது. என்னவென்று விசாரித்துக்கொண்டு வந்த கொத்தனார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கிணத்துத் தண்ணியில போடச் சொல்லியிருக்காவ. உங்க சித்தப்பா மிக்சர் மெஷின் முன்னால துண்ட விரிச்சு உக்காந்துட்டாரு. நல்ல தண்ணி வராம ஒரு சட்டி கலவை மேல போகாதுங்காரு. அந்தக் கான்ட்ராக்டர் தலையில அடிக்கான், எங்கருந்துடா இந்தக் குடும்பத்து ஆளக் கூட்டியாந்தேன்னு."

அப்பா அதைக் கேட்டுவிட்டு உளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாடி போடுகிற அன்று, அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லாதபோதும், என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட வழியாகப் போனார். மிக்சர் ஓடிக்கொண்டிருந்தது. சாரத்தில் ஆட்கள் சட்டி கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா மேலே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் நிறுத்தினார். அப்பா வரிசையாக நின்ற பீப்பாய்களில் ஒன்றின் அருகே போனார். கையைக் குவித்துத் தண்ணீரை அள்ளினார். குடித்தார். இன்னொரு முறை அள்ளிக் குடித்தார்.

"என்ன அண்ணே, நம்பிக்கை இல்லியா?" என்று மேலேயிருந்து சித்தப்பா கத்தினார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் அப்பாவிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"தாகம்லே," என்றார் அப்பா. வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "ஓரத்துல கம்பி தெரியுது பாரு, மூடச் சொல்லு," என்றார்.

சித்தப்பா திரும்பிப் பார்த்து, அந்த ஓரத்தில் நின்றவனைத் திட்டத் தொடங்கினார்.